நாய்க்கும் ஒரு ‘ங்க’

இந்தக் காலத்தில் நாயை நாய் என்று சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. பெற்ற தகப்பனை ‘அது சாப்பிட்டுச்சா, தூங்கிடுச்சா?’ என்று விசாரிக்கிறவர்கள், நாயை ‘அவன் இன்னும் சாப்பிடலை’ என்கிறார்கள். மனிதன் இருமினால் தள்ளிப் படு என்பார்கள். நாய் தும்மினால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நாய்க்குச் சட்டை, நாய்க்குச் சோப்பு, நாய்க்குச் சீப்பு. அந்தச் சீப்பை வாங்கியவன் தலையைப் பார்த்தால் வாருவதற்கு நாலு முடி இருக்காது. கேட்டால் ‘உங்களுக்குப் புரியாது’ என்பார்கள். புரியாமல் என்ன? நன்றாகவே புரிகிறது.

டிரைவருக்கும் நன்றாகவே புரிந்தது. அதனால்தான் மருமகள் கொண்டுவந்து வாசலில் இறக்கிய கூடையை அவர் கிட்டே போகாமல் எட்ட நின்றே பார்த்தார்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஸ்டியரிங்கை விட்டுப் பல வருடமாகியும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. வா, போ, தள்ளு, இறங்கு. அந்த வாயிலிருந்து ஒரு ‘ங்க’ விழுந்து யாரும் கேட்டதில்லை. டிப்போ மேனேஜருக்கே ‘என்னய்யா சொல்ற?’தான். ‘வாங்க, உட்காருங்க’ என்று எவன் குழைகிறானோ அவன் உன் சட்டைப்பையைப் பார்க்கிறான் என்பது அவர் கட்சி.

சம்பந்தி இதற்கு நேரெதிர். மருமகளின் அப்பா. குழாயில் தண்ணீர் வந்தால்கூட ‘வந்துட்டாங்க’ என்று சொல்லக்கூடிய ஆள். அதனாலேயே அவரை டிரைவர் ஒருநாளும் நம்பியதில்லை. கூடைக்குள் இருந்தது அந்தச் சம்பந்தியின் நாய்.

“அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் மாமா” என்றாள் மருமகள். “நான் ஆஸ்பத்திரியில இருக்கணும். பாப்பாவை எங்கம்மா பாத்துக்குவாங்க. பாப்பாவையும் பொட்டுவையும் சேர்த்துப் பாக்க அவங்களால முடியாது.”

“அப்ப பாப்பாவை இங்க விடு. நாயை உங்கம்மாகிட்ட விடு.”

மருமகள் வாசலில் காத்திருந்த ஆட்டோவைப் பார்த்தாள். கூட வந்திருந்த மகன் தரையைப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனான்.

“அவளுக்கு உங்க மேல பயம் இல்லப்பா. உங்க வாய் மேலதான் பயம். பாப்பா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. போன தடவை இங்க வந்துட்டுப் போனதிலேருந்து பொம்மையைப் பாத்து ‘போடா பொறம்போக்கு’ங்குது.”

“தெளிவா சொல்லுதா?” என்றார் டிரைவர், கொஞ்சம் பெருமையாகவே.

“அப்பா! அடுத்த மாசம் அவ வேலைக்குத் திரும்பப் போறா. பகல்ல பாப்பாவை உங்ககிட்ட விடுறதா, அவ ஆபீஸ் பக்கத்துல இருக்கிற காப்பகத்துல விடுறதான்னு இன்னும் முடிவாகல. முதல்ல இந்த நாயை நல்லபடியா பாத்துக்கங்க. அப்புறம் பேசலாம்.”

அதாவது, பரீட்சை. பெரிய பெரிய வளைவுகளில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவருக்கு, சொந்தப் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொள்ள நாய் மூலம் பரீட்சை. டிரைவருக்குக் காது மடல் சூடேறியது. ஆனால் பேத்தி வேண்டும். பகல் முழுக்க வேண்டும். எனவே வாயை மூடிக்கொண்டார்.

மருமகள் கிண்ணம், சீப்பு, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போக வேண்டும், சாக்லேட்டும் வெங்காயமும் கண்ணில் காட்டக்கூடாது, மண்ணைக் கண்டால் தோண்டும், பொந்தைக் கண்டால் நுழையும் என்று அடுக்கினாள்.

“முக்கியமான விஷயம் மாமா. இதுக்குக் கேக்காது. எவ்வளவு கத்தினாலும் கேக்காது. அதனால நீங்க...”

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“கேக்காதா?” என்றார் டிரைவர். “படியில தொங்கினவனையெல்லாம் கேக்க வெச்சவன் நான். நீ கிளம்பும்மா.”

அவர்கள் போனதும் பொட்டு கூடையிலிருந்து எகிறிக் குதித்து வெளியே வந்தது. டெரியர் ஜாதி. முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம். காலுக்குள் ஸ்பிரிங் வைத்துத் தைத்தது போல நின்ற இடத்திலிருந்தே கட்டில் உயரம் எகிறியது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டிரைவருடைய பிரம்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

“இறங்குடா.”

அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“டேய், உன்னைத்தான்!”

சுவரையே பார்த்தது. டிரைவர் குரலை உயர்த்தினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நாய் கொட்டாவி விட்டது. ஆத்திரத்தில் டிரைவர் காலை ஓங்கித் தரையில் மிதித்தார். உடனே விலுக்கென்று திரும்பியது.

“பாத்தியா? காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றார் மனைவியிடம். “திமிரு. சம்பந்தி வீட்டுத் திமிரு.”

அடிப்பதற்குக் கையை ஓங்கினார். பொட்டு நாற்காலியை விட்டு இறங்கியது. அவர் முன்னால் வந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வாலை ஆட்டியது.

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. அடி வாங்க இவ்வளவு லட்சணமாக உட்கார்ந்திருக்கிறதை எங்கே அடிப்பது?

“நெஞ்சழுத்தத்தைப் பாரு” என்றார். “அடிடா பாக்கலாம்னு உக்காந்திருக்கு.”

அவர் மனைவி பக்கத்தில் வந்தாள். குனிந்து, விரலை அசைத்தாள். நாய் அவளோடு அடுக்களைக்குப் போய்விட்டது. பெண்பிள்ளைகளிடம் குழைகிற ஜாதி என்று டிரைவர் அதற்கும் ஒரு குறை எழுதிக்கொண்டார்.

அடுத்து வந்த நாட்களில் பொட்டு இரண்டு பூந்தொட்டிகளைத் தோண்டியது. டிரைவருடைய இடது செருப்பைத் தின்றது. வலது செருப்பையும் தின்றிருந்தாலாவது ஒரு ஜோடி நஷ்டம் என்று கணக்கு முடிந்திருக்கும். இப்போது வலது மட்டும் புத்தம்புதிதாக அவரைப் பார்த்துச் சிரித்தது. நடக்கக் கூட்டிப்போனால் அது முன்னால் இழுக்கும், அவர் பின்னால் கத்துவார். “டேய், நில்லுடா!” என்றால் தெருவில் போகிற ஸ்கூட்டர்காரன் நிற்பான். சைக்கிள்காரன் நிற்பான். ஒருமுறை போலீஸ்காரரே நின்று, “என்னையா?” என்றார். நாய் நிற்காது.

மனிதக் குரல்தானே மதிப்பில்லாமல் போய்விட்டது என்று டிரைவர் பரணிலிருந்து பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். இதற்குக் கட்டுப்படாத ஜீவன் உலகத்தில் கிடையாது என்பது அவர் அனுபவம்.

தெருவில் ஒன்று ஊதினார். தெருவே நின்றது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு சரக்கு வேனும் நின்றது. பொட்டு மட்டும் ஒரு மரத்தடியை முகர்ந்துகொண்டிருந்தது. சரி, கிளம்பவாவது கிளம்பட்டும் என்று இரண்டு ஊதினார். வேன்காரன் தனக்குத்தான் வழி சொல்கிறார்கள் என்று நம்பி, நிம்மதியாகப் பின்னால் எடுத்து, தையல்காரர் போர்டைச் சப்பையாக்கினான்.

“டிரைவரே!” என்று தையல்காரர் கத்தரியோடு ஓடிவந்தார். “பஸ்ஸைத்தான் விட்டாச்சே, விசிலை விடக்கூடாதா?”

“நாய்க்கு ஊதினேன்யா!”

“நாய் எங்க கேட்டுச்சு? வேன்ல கேட்டுச்சு!”

வீட்டுக்கு வந்து, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலேயே பொட்டு மல்லாந்து படுத்து, அவருடைய நாற்காலிக்காலில் முதுகைத் தேய்த்தது.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“அவங்க வீட்டுல எல்லாருமே வாங்க போங்கன்னு பேசுறவங்க. இதுவும் அங்கயே வளந்ததுதானே. ஒரு ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிட்டுப் பாருங்களேன்.”

“நாய்க்கா?”

“ஆமா.”

“கட்டின உனக்கே போட்டதில்ல. நாய்க்குப் போடணுமா?”

“எனக்குப் போடலைங்கிறது எனக்குத் தெரியாதா?” என்று அவள் அடுத்த காயை எடுத்தாள். “மரியாதையாச் சொல்லணும். சும்மா வாயால சொன்னாப் போதாது. நல்லாக் குனிஞ்சு, கையை நீட்டி, சிரிச்ச முகமா. உங்களுக்கு வராது, விடுங்க.”

வராது என்று சொன்னால் டிரைவருக்குப் பிடிக்காது. எழுந்தார். கிண்டலாகவே செய்தார். பெரிய ஓட்டல் வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி இடுப்பை வளைத்து, கையை வீசி நீட்டி, பல்லெல்லாம் தெரிய இளித்து, “மகாராஜா பொட்டு அவர்களே, இப்படி வாங்க!” என்றார்.

பொட்டு துள்ளி எழுந்து ஓடி வந்து அவர் கையில் முகத்தை வைத்தது.

டிரைவர் நிமிர்ந்தார். சந்தேகம் தீரவில்லை. சோதித்துப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, “வாடா” என்றார். வரவில்லை. குனிந்து, கையை நீட்டி, “வாங்க” என்றார். வந்தது. நிமிர்ந்து நின்றபடியே “வாங்க” என்றும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை.

“வெறும் ‘ங்க’ போதாதாம்!” என்று கொதித்தார். “குனியவும் வேணுமாம்! மரியாதைன்னா முழு மரியாதையாக் குடுக்கணுமாம்! எவ்வளவு கொழுப்பு!”

“நான் சொன்னேன்ல” என்றாள் மனைவி.

அதன்பிறகு அந்த வீட்டில் கேட்ட பேச்சை யாரிடமும் சொன்னால் நம்ப மாட்டார்கள். “எந்திரிங்க, நடக்கப் போலாம்.” “சாப்பாடு வெச்சிருக்கேன், சாப்பிடுங்க.” “செருப்பை விடுங்க. அது ஒண்ணுதான் மிச்சம்.” ஒவ்வொரு ‘ங்க’வும் டிரைவர் தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டுதான் வெளியே வந்தது. பேத்தியை நினைத்துக்கொண்டு துப்பினார்.

ஆனால் நாய் நல்லபடியாக இருந்தது. தொட்டிகள் பிழைத்தன. அத்தோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும்.

மாடியில் ஒருவர் குடியிருந்தார். தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்ற விஷயத்தில் அவருக்கும் டிரைவருக்கும் பேச்சு நின்று வருடக்கணக்காகியிருந்தது. ஒருநாள் குளிப்பாட்டிவிட்ட கோபத்தில் பொட்டு மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிரைவர் கீழே நின்று குனிந்து, கையை நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க. நடந்தது நடந்துபோச்சு. உள்ள வாங்க.”

மாடிக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கி வந்தார். கையில் பிடித்திருந்த பெரிய பை, படியில் இருந்த நாயை மறைத்துவிட்டது. அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது.

“இத்தனை வருஷம் கழிச்சு நீயே வாய்விட்டுக் கூப்பிடுற. நான் வராம இருப்பேனா டிரைவர்?”

நேராக உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி டீ போட்டுவிட்டாள். ‘உன்னை இல்லய்யா, நாயை’ என்று டிரைவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சண்டை, சண்டை மகன் காதுக்குப் போகும், பேத்தி காப்பகத்துக்குப் போகும். விழுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து மாடிக்காரர் தினமும் வந்தார். நாற்காலியில் சாய்ந்து, ஸ்டூல் மேல் காலைத் தூக்கிப் போட்டு, பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொள்வார். மோட்டாரை அணைக்காதவன் டீயை மட்டும் ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறான் பார் என்று டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்த நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்துப் பொட்டு பின்னங்காலைத் தூக்கியது. டிரைவர் பதறி ஓடி வந்து குனிந்தார்.

“அய்யய்யோ, காலை இறக்குங்க! நல்ல குடும்பத்துல வளந்துட்டு வீட்டுக்குள்ளயா போவீங்க? அடக்கிக்கங்க! வெளியில போய்ப் போங்க!”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. மாடிக்காரர் முதலில் ஸ்டூல் மேலிருந்த தன் காலைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

“என்னைப் பாத்தா அப்படித் தெரியுதா உனக்கு?”

“உன்னை இல்லய்யா! நாயைச் சொன்னேன்!”

“நாயை ‘ங்க’ போட்டுப் பேசுவியா நீ? மேனேஜரையே ‘யோவ்’னு கூப்பிட்டவன் நாய்க்கு மரியாதை குடுப்பியா? நான் என்ன பச்சைப்புள்ளையா?”

“சத்தியமா நாயைத்தான்யா! அன்னைக்குப் படிக்குக் கீழ நின்னு உள்ள வாங்கன்னு கூப்பிட்டதும் நாயைத்தான்!”

சமாதானம் செய்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

மாடிக்காரர் எழுந்து, பேப்பரை மடித்து, டீ டம்ளரை நாற்காலி மேலேயே வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மகனிடமிருந்து போன் வந்தது.

“அப்பா, மாடிக்காரர் பேசினார். வயசான மனுஷனைப் பாத்து என்னென்னவோ சொன்னீங்களாமே?”

“நாய்கிட்ட சொன்னேன்டா.”

“அப்படித்தான் சொல்லுவீங்கன்னும் சொன்னார். மாமாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்றாங்க. அப்படியே வந்து பொட்டுவைக் கூட்டிட்டுப் போயிடறோம்.”

“பாப்பா விஷயம்?”

“காப்பகத்துல இடம் இருக்காம்பா.”

மறுநாள் காலை டிரைவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள்.

“நாய்கிட்ட சொன்னேன்” என்றார் டிரைவர்.

“நாய் எப்படிங்க தண்ணி கொண்டுவரும்?”

“வாய்ப் பழக்கத்துல வந்துடுச்சு. விடு.”

அவள் டம்ளரைக் கழுவித் துடைத்து, அதிகப்படியாக ஒருமுறை துடைத்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனாள்.

டிரைவர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினால் நாயைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது.

வீட்டுக்குள் கூப்பிட்டார். கட்டில் மேல் பார்த்தார், கட்டில் பக்கத்தில் நின்று நுரையீரல் முழுக்கக் காற்றை இழுத்துக் கத்தினார். பதில் இல்லை. தெருவுக்கு ஓடினார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வண்டியின் சக்கரமும் டிரைவர் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. எத்தனை நாய்களை ஓர் அங்குல இடைவெளியில் தப்பிக்க விட்டு ஓட்டியவர்! நாயை வளர்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று ஸ்டியரிங் பிடித்திருந்தவரைக்கும் தெரியவில்லை.

“பொட்டு! எங்க இருக்கீங்க? வாங்க, வீட்டுக்குப் போலாம்!”

தையல்காரர் ஓடிவந்தார். மனஸ்தாபம் இருந்தாலும் மனிதன்தானே. “யாரு டிரைவரே? யாரைக் காணோம்?”

“பொட்டு. சம்பந்தி வீடு. நம்பி விட்டுட்டுப் போனாங்க.”

“அடப்பாவமே, சம்பந்தி வீட்டம்மாவா?” என்று அவர் தெருவைப் பார்த்துக் கை தட்டினார். “எல்லாரும் வாங்கப்பா! டிரைவர் வீட்டுக்கு வந்த பெரியம்மாவைக் காணோமாம்!”

நாலு பேர் கூடினார்கள். வாய் பார்ப்பதற்கு என்றால் ஜனங்கள் எங்கிருந்துதான் வருவார்களோ!

“பேரு என்னங்க?” “பொட்டு.” “நடப்பாங்களா?” “நடக்கிறதா? ஓடுவாங்க.” “அடையாளம்?” “ஒரு கண்ணைச் சுத்திக் கறுப்பா இருக்கும்.” “யாரு அடிச்சது?” “யாரும் அடிக்கலய்யா, பொறவியிலயே அப்படி.” “என்ன உடுத்தியிருந்தாங்க?”

“ஒண்ணும் உடுத்தல” என்றார் டிரைவர். “கழுத்துல ஒரு பட்டை மட்டும்தான்.”

கூட்டம் மூச்சு விட மறந்தது. தையல்காரர் கடைக்குள் ஓடி ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாகக் கிளம்பி, “பொட்டும்மா! பயப்படாதீங்க, போர்வை இருக்கு!” என்று தெருத்தெருவாகக் கத்த ஆரம்பித்தார்கள்.

அப்போது பார்த்து ஒரு கார் வந்து நின்றது. மகன் இறங்கினான். ஊன்றுகோலோடு சம்பந்தி இறங்கினார். இடுப்பில் பாப்பாவோடு மருமகள் இறங்கினாள்.

டிரைவர் அவர்களைப் பார்க்கவில்லை. தெரு ஓரத்தில் மூடியில்லாத ஒரு பெரிய மழைநீர்க் குழாய் முன்னால் மண்டியிட்டு, உள்ளே கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஹாரன் மாதிரி இருந்த அந்தக் குரல் உடைந்திருந்தது.

“உள்ள இருக்கீங்களா? பேசினது தப்புதான், மன்னிச்சுக்கங்க. இனிமே வாடா போடா சொல்ல மாட்டேன். நாற்காலியையும் நீங்களே எடுத்துக்கங்க. வந்துடுங்க.”

மருமகள் அசையாமல் நின்றாள். பாப்பா தாத்தாவைப் பார்த்து, கையைத் தாத்தா மாதிரியே நீட்டி, “வாங்க! வாங்க!” என்றது.

அந்தச் சமயத்தில் டிரைவரின் மனைவி வீட்டிலிருந்து அழுக்குத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடையில் டிரைவருடைய பழைய காக்கிச் சட்டை. அதற்குள் சுருண்டு பொட்டு தூங்கிக்கொண்டிருந்தது.

“கட்டிலுக்கு அடியில, கூடைக்குள்ள இருந்துச்சு” என்றாள்.

டிரைவர் முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பயம் போன வேகத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது.

“அதே கட்டில் பக்கத்துல நின்னுதான் அத்தனை கத்து கத்தினேன்! குனியலைன்னு வரல! குனியாமக் கூப்பிட்டா வரமாட்டாங்களாம்!”

மருமகள் அவர் அருகில் வந்தாள். “மாமா, காப்பகம் வேணாம். பாப்பா பகல்ல உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று பாப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

டிரைவர் வாங்கிக்கொண்டார். தூசி விழுந்துவிட்டது போல் ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, அவரால் முடிந்த அளவு இளகி, “நாயைப் பழக்கினாலும் பழக்கினீங்க சம்பந்தி, ஒரு ‘ங்க’ குறைஞ்சாக் கேக்க மாட்டேங்குது” என்றார்.

சம்பந்தி விழித்தார்.

“அதுக்குக் காது கேக்காதுங்களே” என்றார். “பொறந்ததிலேருந்தே சுத்தமாக் கேக்காதுங்க. டாக்டர் சொல்லியிருக்கார். நாம நீட்டுற கையைப் பாத்துதாங்க வரும்.”

தையல்காரர் போர்வையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அப்ப நீங்க எதுக்கு அதுகிட்ட வாங்க போங்கன்னு பேசுறீங்க?” என்றார் டிரைவர்.

“எனக்கு வேற மாதிரி பேசத் தெரியாதுங்க.”

டிரைவர் சம்பந்தியை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவன் உண்மை பேசுவான் என்று யார் கண்டது? பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, இடுப்பை வளைத்து, இன்னொரு கையை நீட்டி, கூடையைப் பார்த்தார். பொட்டு அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்தது.

“பொட்டு, வாங்க.”

அது கூடையிலிருந்து எகிறிக் குதித்து ஓடி வந்தது.

“பாத்தீங்களா? கேக்குதா இல்லையா? உங்க டாக்டர் வாடா போடான்னு கூப்பிட்டிருப்பான். அதான் கேக்கல” என்றார் டிரைவர். “நீங்க நடங்க பொட்டு. இவங்க பேச்சையெல்லாம் நம்பாதீங்க.”

பேத்தியும் நாயுமாக அவர் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டம் வழி விட்டது. தெருமுனை வரைக்கும் அவர் குரல் கேட்டுக்கொண்டே போனது: “காது கேக்காதாம்ல. அவங்களுக்கு மூளை கேக்கல. பாத்து வாங்க, அங்க பள்ளம் இருக்கு...”

மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள். “அத்தை, உங்களுக்கும் தெரியாதா?”

“வந்த மறுநாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் அத்தை மாமாகிட்ட சொல்லல? பாவம், எத்தனை ‘ங்க’ வீணா...”

மாமியார் காக்கிச் சட்டையிலிருந்து நாய் முடியைத் தட்டிவிட்டாள்.

“அதுக்குக் கேக்கலைன்னா என்னம்மா? எனக்குக் கேக்குதே.”